விட்டுப்போன மூன்று வரிகள்

4-9-2006, திங்கள்

புதுப் புத்தகம் வந்திருக்கிறது. முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம். அத்தனையும் உலகத்தில் இல்லாத பிராணிகள். வெளிநாட்டில் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுகிற ஒரு கற்பனை விளையாட்டுக்கான புத்தகமாம். பலகை கிடையாது, காய் கிடையாது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி அந்தக் கதைக்குள் நடப்பார்கள். வீசிய வாள் பட்டதா தப்பியதா என்பதை மட்டும் இருபது முகம் கொண்ட பகடை சொல்லும். வழியில் எதிர்ப்படும் பிராணிகளின் அகராதிதான் எங்கள் கைக்கு வந்திருப்பது.

மூன்று வருடமாகச் சிறுநீரகம், கல்லீரல், காப்பீட்டுச் சட்டம். இப்போது இரண்டு தலை ஓநாய். மெய்ப்புப் பார்க்கிறவளுக்கு எல்லாம் ஒன்றுதான். மூலப் பிரதியில் இருப்பது பக்கத்தில் இருக்கிறதா, அவ்வளவுதான் கேள்வி. அது உண்மையா என்று யாரும் எங்களைக் கேட்பதில்லை.

அம்மா மறுபடி அந்த வரனைப் பற்றி எடுத்தாள். நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

8-9-2006, வெள்ளி

எண்பத்தாறு பக்கம் முடிந்தது. எல்லாப் பிராணியும் கடிக்கிறது.

14-9-2006, வியாழன்

சுமலதா லீவு. வழக்கமாக அவள் மூலப் பிரதியைக் கமா, புள்ளி விடாமல் உரக்க வாசிப்பாள். நான் பக்கத்தில் விரல் வைத்துத் தொடர்வேன். இன்று நானே வாசித்து நானே பார்த்தேன். ஒருத்தியே இரண்டு பேராக இருப்பது எனக்குப் பழக்கம்தான்.

பக்கம் 211. ராட்சசப் பிணந்தின்னிக் கழுகு. இரண்டு ஆள் உயரம். மொட்டைக் கழுத்து. சிறகு விரித்தால் பாய்மரம் அளவு. பன்னிரண்டு மைலுக்குள் எங்கே பிணம் கிடந்தாலும் அதற்குத் தெரிந்துவிடும். எதையும் கொல்லாது. அடித்தால் திருப்பி அடிக்காமல் பறந்துவிடும். கூட்டில் புதையல் இருக்காது. ஆனால் அது கக்கிப்போட்ட உருண்டைகளைக் கிளறினால் மோதிரம், பொத்தான், கச்சைக் கொக்கி கிடைக்கலாம். காணாமல் போனவர்களின் உறவினர் அதைத் தேடி வருவதுண்டு என்று எழுதியிருக்கிறார்கள். குணம் என்ற கட்டத்தில்: நன்மையும் இல்லை, தீமையும் இல்லை.

இதுவரை பார்த்த பிராணிகளில் இது ஒன்றுதான் யாரையும் தொந்தரவு செய்யவில்லை. படம் பக்கத்தில் பாதியை எடுத்துக்கொண்டு நிற்கிறது. தோளைக் குறுக்கி, மழையில் பஸ்ஸுக்கு நிற்கிறவனைப் போல. நான் அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றைக்குக் கணக்கில் பத்துப் பக்கம் குறைந்ததற்கு அதுதான் காரணம்.

22-9-2006, வெள்ளி

தட்சிணாமூர்த்தி சார் எங்கள் பிரிவுக்கு மேற்பார்வை. சொல்தா வீட்டுப் பிள்ளை; அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், அக்கா பாரீசில். அக்கா மகன் இந்த விளையாட்டை ஆடுவானாம். "அட்டவணையில இருக்கற நம்பரெல்லாம் சரியானு பாக்க ஒரே வழி ஆடிப் பாக்கறதுதாம்மா" என்றார்.

மத்தியானச் சாப்பாட்டு வேளையில் அரை மணி. இருபது முகப் பகடைக்கு எங்கே போவது? ஒன்று முதல் இருபது வரை சீட்டு எழுதி, கழுவிய ஊறுகாய் பாட்டிலில் போட்டோம். வாளை வீசினாலும், ஆற்றைத் தாண்டினாலும், எலுமிச்சை ஊறுகாய் மணக்கிறது. சுமலதா வாள்காரி. நான் வழி பார்க்கிறவள்.

"இன்னாடி இது, வீட்ல மாமியார், இங்க பூதம்" என்கிறாள் சுமலதா. ஆனால் தினமும் முதலில் டிபன் பாக்ஸை மூடுகிறவள் அவள்தான்.

1-10-2006, ஞாயிறு

இன்று முதல் ஊருக்குப் பெயர் புதுச்சேரி என்று சட்டமாகிவிட்டதாம். நாளைக்கு ஆபீசில் முகவரி வருகிற இடமெல்லாம் திருத்த வேண்டும். எங்கள் குப்பத்துக்கு இது தெரியாது. தெரிந்தாலும் ஒன்றுமில்லை.

8-10-2006, ஞாயிறு

அண்ணன் கிழிந்த வலையை மடியில் போட்டு உட்கார்ந்திருந்தான். பேச்சுக்குக் கழுகைப் பற்றிச் சொன்னேன்.

"ரெண்டு ஆள் ஒசரமா? அத வேக வெக்க எவ்ளோ பெரிய சட்டி வேணும்?"

"அது பொணம் திங்கும்ண்ணா."

"திங்கட்டுமே. மீனு இன்னா தின்னு வளருதுன்னு கேட்டுட்டா நாம திங்கறோம்?"

உள்ளேயிருந்து சரிதா அண்ணி, "சோறு போடற நேரத்துல பேசற பேச்சப் பாரு அண்ணனும் தங்கச்சியும்" என்றாள்.

கடலில் பறவை சுற்றினால் என்ன அர்த்தம் என்று கேட்டேன்.

"ஆலா கூட்டமா எறங்குனா கீழ மீனு."

"எறங்காம சும்மா சுத்துனா?"

"சும்மா சுத்துனா சும்மா சுத்துது. அதுக்கும் வேல இல்ல, ஒனக்கும் வேல இல்ல."

பாவாடை மாமா வாய் நிறையச் சோற்றோடு சிரித்துப் புரையேறினார். அவருக்கென்று வீட்டில் யாரும் இல்லை. அண்ணனோடு ஒரே போட்டில் போகிறார், எங்கள் வீட்டில் சாப்பிடுகிறார்.

பிஏ இங்கிலீஷ் படித்தவள் நான். குப்பத்தில் முதல் பெண். என் கேள்விகளுக்கு அண்ணன் சொல்கிற பதில் எல்லாமே இந்த மாதிரிதான். அவனுக்கு எதிலும் அர்த்தம் தேவைப்படுவதில்லை. எனக்கு அது இல்லாமல் ஒரு நாளும் நகர்வதில்லை.

19-10-2006, வியாழன்

விளையாட்டில் இன்று பாலைவனம். எங்களிடம் ஒரு நாளைக்குத்தான் தண்ணீர். தூரத்து மணல்மேட்டுக்கு மேலே கழுகு வட்டமிடுகிறது என்றார் சார்.

"போய்ப் பாக்கலாம்பா, எதனா மோதரம் கெடைக்கும்" என்றாள் சுமலதா.

நான் வேண்டாம் என்றேன். பக்கம் 211. அது செத்ததைத்தான் தேடும். அங்கே போனால் தண்ணீர்தான் வீண். பாதையை மாற்றாமல் நடந்தோம், பொழுது சாய்வதற்குள் கிணற்றை அடைந்தோம்.

"சொர்ணத்துக்கு மட்டும்தான் தலையில எதோ இருக்கு" என்றார் சார். சின்ன விஷயம். ஆனாலும் பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். என்னைப் பற்றி யாராவது நல்லதாகச் சொல்லி எத்தனை நாளாகிவிட்டது என்று யோசித்தபோது வெட்கமாக இருந்தது.

9-11-2006, வியாழன்

அண்ணனும் பாவாடை மாமாவும் காலை மூன்றரைக்குப் போனார்களாம். பத்து மணிக்குக் கரையேறியிருக்க வேண்டும். மத்தியானம் இரண்டு மணிக்குக் கோவிந்தசாமி மாமா ஆபீசுக்குப் போன் செய்தார். குப்பத்துப் பஞ்சாயத்துத் தலைவர் எனக்குப் போன் செய்கிறார் என்றபோதே தெரிந்துவிட்டது.

இப்போது மணி ஆறு. வரவில்லை.

அவன் செல்போன் சாமி மாடத்தில் இருக்கிறது. நனைந்துவிடும் என்று எடுத்துப்போக மாட்டான்.

10-11-2006, வெள்ளி

எங்கள் குப்பத்தில் ஒரு கட்டு உண்டு. ஒரு போட் திரும்பவில்லையென்றால் ஊரில் எந்தப் போட்டும் மீனுக்குப் போகக்கூடாது, தேடத்தான் போகலாம். ஆள் கிடைக்க வேண்டும். இல்லையென்றால் அந்த வீட்டிலிருந்து ஒருவர் பஞ்சாயத்தார் முன்னால் நின்று 'தொழிலுக்குப் போங்க' என்று வாயால் சொல்ல வேண்டும். அதுவரை ஊருக்கே தொழில் இல்லை.

இன்று முப்பத்தொரு போட் போயிற்று. தெற்கே இழுக்கிறது தண்ணீர், அந்தப் பக்கம்தான் போயிருப்பான் என்கிறார்கள். இன்ஜின் நின்றிருக்கும். வேறொன்றும் இருக்காது. காற்றுகூட இல்லையே.

11-11-2006, சனி

இல்லை.

12-11-2006, ஞாயிறு

அம்மா கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். எழுப்பினால் வருகிறாள், விட்டால் திரும்பப் போய்விடுகிறாள். பேச்சு நின்றுவிட்டது. சரிதா அண்ணி மட்டும் மூன்று வேளையும் சமைக்கிறாள். அண்ணனுக்கும் மாமாவுக்கும் சேர்த்து உலை வைக்கிறாள். மிஞ்சியதை மறுநாள் நாங்கள் தண்ணீர் ஊற்றிச் சாப்பிடுகிறோம்.

13-11-2006, திங்கள்

தேடப் போனவற்றில் கொளஞ்சி அண்ணன் போட்தான் கடைசியாக வந்தது. அவர்தான் ரொம்ப தூரம் போனவர். தென்கிழக்கே, இதுவரை போகாத தொலைவில், பறவைகள் சுற்றுவதைப் பார்த்தாராம். பருந்தும் ஆலாவும் கலந்து.

"கீழ ஒண்ணும் தெரில. எட்டத்துல இருந்துச்சி. டேங்குல எண்ண பாதிக்குக் கீழ எறங்கிடுச்சி, அதுக்கு மேல போனா நாங்க திரும்ப முடியாது. பொழுது வேற போயிடுச்சி."

நாளைக்கு அந்த இடத்துக்குப் போகலாமே என்றேன்.

"போலாம்மா. ஆனா அந்த எடம் அங்கயே இருக்காதே."

14-11-2006, செவ்வாய்

போனார்கள். பறவையும் இல்லை, ஒன்றும் இல்லை.

குப்பத்தில் ஐந்து நாளாக மீன் வாசனை இல்லை. இப்படி ஒரு சுத்தமான காற்று இங்கே அடித்ததே இல்லை. குழாயடியில் எனக்கு எல்லோரும் வழிவிடுகிறார்கள். விட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்கிறார்கள். வீராயி அக்கா, மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுக்க வேண்டியதைப் பற்றி யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தவள் நான் போனதும் நிறுத்திவிட்டாள். அவர்களைக் குறை சொல்ல முடியுமா? நூற்றிருபது வீடு. எங்கள் ஒரு வீட்டுக்காக.

15-11-2006, புதன்

எழுதியாக வேண்டும். எழுதாவிட்டால் வேறு மாதிரி ஞாபகம் வைத்துக்கொள்வேன்.

நாலு மணிக்குப் பஞ்சாயத்தார் வந்தார்கள். வீட்டுக்குள் வரவில்லை. வாசலை ஒட்டிய வலைக் கொட்டகையில் உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டார்கள். கோவிந்தசாமி மாமா தோள் துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"சொர்ணம், உங்கம்மா வாயத் தொறக்கல. சரிதாவ நாங்க எந்த மூஞ்ச வெச்சிக்கினு கேக்கறது? நீ படிச்ச பொண்ணு. தேடுன்னு நீ சொன்னா நாளைக்கும் போறோம். நாளான்னைக்கும் போறோம். அதுல மாத்தமில்ல. ஆனா ஒரு வார்த்த சொல்லு."

நான் கொளஞ்சி அண்ணனைக் கேட்டேன்.

"அந்தப் பறவ கீழ எறங்குச்சாண்ணா?"

"எறங்கலம்மா. சுத்திக்கினே இருந்துச்சி."

"எவ்ளோ நேரம்?"

"நாங்க பாத்த வரைக்கும்."

எனக்கு அந்தப் படம் வந்தது. மொட்டைக் கழுத்து, குறுக்கிய தோள். பன்னிரண்டு மைல். நான் பைத்தியம் இல்லை. அது பருந்து, அது கடல், அந்தப் புத்தகம் எங்கேயோ குளிர் தேசத்தில் பிள்ளைகள் ஆடுகிற ஆட்டம். இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் யோசனை வருவதற்கு முன்னால் படம் வந்துவிட்டது. அது சுற்றினால் அங்கே இருப்பது பிணம். அங்கே போவதில் தண்ணீர்தான் வீண்.

இன்னொன்றும் இருந்தது. அதையும் எழுதுகிறேன். அத்தனை ஆண்கள் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். படித்தவள், அழாமல், ஊரை நினைத்துப் பேசினாள் என்று சொல்ல வேண்டும் என்று எனக்குள் ஏதோ ஒன்று ஆசைப்பட்டது.

"தொழிலுக்குப் போங்க மாமா."

எவ்வளவு சுலபமாக வந்தது.

கோவிந்தசாமி மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மனசு பெருசும்மா ஒனக்கு" என்றார் யாரோ. திரும்பும்போது வாசற்படியில் சரிதா அண்ணி நின்றுகொண்டிருந்தாள். கையில் அரிசி முறம். கோபமெல்லாம் இல்லை அந்த முகத்தில். என்னை அடையாளம் தெரியாதவள் மாதிரி பார்த்தாள்.

16-11-2006, வியாழன்

விடியும்போது போட்கள் போகிற சத்தம் கேட்டது. எண்ணவில்லை.

24-11-2006, வெள்ளி

காரியம் முடிந்தது. வைக்கோலில் இரண்டு உருவம் கட்டினார்கள். பாவாடை மாமாவுக்குக் கோவிந்தசாமி மாமா கொள்ளி வைத்தார். அண்ணனுக்குப் பெரியப்பா மகன்.

வைக்கோலுக்கு அவன் நீலச் சட்டை சரியாகப் பொருந்தியது. தோள்கூட.

அம்மா அப்போதுதான் வாயைத் திறந்தாள். "இது எம்புள்ள இல்ல, இது எம்புள்ள இல்ல" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். அண்ணி கையை நீட்டியபடி உட்கார்ந்திருந்தாள். வளையலை உடைத்தபோது கையை இழுத்துக்கொள்ளக்கூட இல்லை.

28-11-2006, செவ்வாய்

வேலைக்குத் திரும்பி இரண்டாம் நாள். திருத்திய பக்கங்களின் இரண்டாம் மெய்ப்பு மேசையில் இருந்தது. சுமலதா தோசை கொண்டுவந்திருந்தாள். பாதியைப் பிட்டு என் டப்பாவில் வைத்தாள்.

பதினொரு மணிக்கு சார் ஒரு தாளோடு வந்தார்.

"சொர்ணம், ஒண்ணுமில்ல, பதறாத. 211ல படம் பெருசானதுல அடியில மூணு வரி உள்ள மறைஞ்சி போச்சு. மொத மெய்ப்புல நம்ம கண்ணுல படல. நான் எடுத்து சேத்துட்டேன். ஒரு தடவ பாத்துடு."

பார்த்தேன்.

'உயிருள்ளதன்மேல் இது இறங்குவதில்லை. சாகப்போகும் ஒன்றைக் கண்டால் அது சாகும்வரை உயரத்தில் வட்டமிட்டுக் காத்திருக்கும். செத்த பின்னரே இறங்கும். ஆகவே இது வட்டமிடும் இடத்தில் இன்னும் உயிர் இருக்கிறது என்று வழிப்போக்கர் அறிந்துகொள்ளலாம்.'

இங்கிலீஷில் இருந்ததை இப்படித் தமிழில் எழுதிப் பார்க்கிறேன். எந்த மொழியில் எழுதினாலும் அதேதான் சொல்கிறது.

சுமலதா எட்டிப் பார்த்தாள். "அய்ய, அப்போ அன்னிக்கி அந்த மணல்மேட்டுல ஆள் உசுரோட இருந்திருக்கான். நாம பாட்டுக்குப் போயிட்டோம்" என்றாள். சார் சிரித்தார். "ரசிச்சிப் படிக்கற பக்கத்துலதான் தப்பு தங்கும்மா. எனக்கும் ஆயிருக்கு."

பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். அது பருந்துதான. அது வெறும் பருந்துதான. சும்மா சுத்துனா சும்மா சுத்துது— அவன்தான சொன்னான். அப்போ நான் ஏன் அத வெச்சி முடிவு பண்ணேன்? பாதிப் பக்கத்த நம்புனவ மீதிப் பக்கத்தயும் நம்பித்தான ஆவணும்?

30-11-2006, வியாழன்

ஆட்டத்துக்குப் போகவில்லை. தலைவலி என்றேன்.

6-12-2006, புதன்

போட் கிடைத்துவிட்டது. காரைக்காலுக்கும் தெற்கே, ஆழத்தில், ஒரு விசைப்படகுக்காரர் பார்த்துக் கட்டி இழுத்துவந்திருக்கிறார். ஆள் யாரும் இல்லை. கோவிந்தசாமி மாமாவும் கொளஞ்சி அண்ணனும் லாரி எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

7-12-2006, வியாழன்

கரையில் இறக்கிவைத்திருக்கிறார்கள். கூட்டம் கலைந்த பிறகு போனேன். இன்ஜின் மூடி கழற்றிக் கிடக்கிறது, ரிப்பேர் பார்த்திருக்கிறான். தண்ணீர்க் கேனின் வாயை அறுத்து அகலமாக்கியிருக்கிறார்கள், மழை பிடிக்க. துடுப்பில் மாமாவின் சிவப்புத் துண்டு கட்டியிருக்கிறது, கொடி மாதிரி.

முன்பக்கம், உள்சுவரில், கத்தியால் கீறிய கோடுகள். ஒன்றன்பக்கத்தில் ஒன்று.

என் வேலை எண்ணுவது. மூன்று தடவை எண்ணினேன். மூன்று தடவையும் பதினான்கு.

ஒன்பதாம் தேதியிலிருந்து பதினான்கு என்றால் இருபத்திரண்டு. நான் வாயைத் திறந்தது பதினைந்தாம் தேதி. அதற்குப் பிறகு ஏழு நாள் இருந்திருக்கிறார்கள். குப்பத்துப் போட்கள் எல்லாம் கரையோரம் மீன் பிடித்துக்கொண்டிருந்த ஏழு நாள்.

முதல் பத்துக் கோடும் ஒரு பக்கம் சாய்கின்றன. கடைசி நான்கும் மறுபக்கம் சாய்கின்றன, மெலிதாக, நடுங்கி. வேறு கை. எங்கள் வீட்டில் இடக்கைக்காரன் அண்ணன் ஒருவன்தான்.

பத்தாம் நாளுக்குப் பிறகு அவன் தனியாக இருந்திருக்கிறான்.

பின்னால் கொளஞ்சி அண்ணன் வந்து நின்றார்.

"இன்னா பாக்கற?"

"கோடு."

"அது பழசு. வலக் கயிறு ஒராஞ்சது." என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். பிறகு, "வீட்டுக்குப் போ, மழ வருது" என்றார். வானத்தில் ஒரு மேகம் இல்லை.

10-12-2006, ஞாயிறு

அந்தக் கோடுகளைப் பற்றி யாரும் பேசவில்லை. கோவிந்தசாமி மாமா என்னைக் கண்டால் அன்பாகச் சிரிக்கிறார். ஊருக்கே தெரிந்திருக்கிறது. எல்லோரும் சேர்ந்து என்னைக் காப்பாற்றுகிறார்கள். அவர்களையும்.

அம்மாவுக்குத் தெரியாது. அவள் போட்டின் பக்கமே போகவில்லை.

அண்ணிக்குத் தெரியுமா?

13-12-2006, புதன்

சொல்லிவிட வேண்டும். சொல்லி என்ன ஆகும்? எனக்கு இலேசாகும், அவளுக்கு? படித்த புத்தகங்களில் எல்லாம் ஒப்புக்கொள்கிறவர்கள் அழுது, மன்னிக்கப்பட்டு, ஜன்னலைத் திறக்கிறார்கள். எங்கள் வீட்டில் இருக்கிற ஒரே ஜன்னல் கடல் பக்கம்.

18-12-2006, திங்கள்

இன்று லீவு போட்டேன். அண்ணி பின்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அண்ணி, போட்ல ஒரு கோடு..."

"பதினாலு" என்றாள்.

துவைப்பதை நிறுத்தவில்லை.

"கடசி நாலும் அவருதுதான். கத்திய அப்பிடித்தான் புடிப்பாரு."

ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "அன்னிக்கி கொளஞ்சி அண்ணன் பறவ சுத்துச்சின்னு சொன்னாரில்ல, நான் ஒரு புஸ்தகத்துல..." என்று ஆரம்பித்தேன்.

"இன்னா புஸ்தகம்?"

அவள் உண்மையாகவே கேட்டாள். ஈரக் கையோடு என்னைப் பார்த்து, பதிலுக்காகக் காத்திருந்தாள். நான் என்ன சொல்வேன்? சீட்டெடுத்து ஆடுகிற ஆட்டம், அதில் இரண்டு ஆள் உயரக் கழுகு, அதற்கு அடியில் மூன்று வரி.

அவள் துணியைப் பிழிந்தாள்.

"நீ சொல்லலன்னாலும் ரெண்டு நாள்ல நிறுத்தியிருப்பாங்க சொர்ணம். எண்ணைக்கு எங்க போவாங்க? எனக்குத் தெரியாதா?"

"அண்ணி..."

"ஆனா நீதான் சொன்ன." வாளியைத் தூக்கிக்கொண்டாள். "நான் வாசப்படியிலதான் நின்னுக்கினு இருந்தேன். எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்."

கேட்டிருக்கலாம். ஆறடி தூரம். பறவையைப் பற்றிக் கேட்டேன், இறங்கியதா என்று கேட்டேன், எவ்வளவு நேரம் என்று கேட்டேன். அவளைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

19-12-2006, செவ்வாய்

அண்ணி வழக்கம்போலச் சமைத்தாள். மூன்று பேருக்கு மட்டும்.

1-1-2007, திங்கள்

ஆபீசில் கேக். எல்லோரும் கை கொடுத்தார்கள். நானும் கொடுத்தேன்.

22-1-2007, திங்கள்

அச்சாகிவந்த புத்தகம் ஒன்று பார்சலில் வந்தது. கெட்டி அட்டை, வழவழப்பான தாள். கடைசிப் பக்கத்தில் எங்கள் கம்பெனி பெயர் பொடி எழுத்தில். எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்கள். சுமலதா என் கையில் வைத்தாள். பிரிக்காமல், மேலட்டையின் நான்கு மூலையும் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

"இனிமே மத்தியானத்துல இன்னா பண்றது? மறுபடி ஆடலாம் வாடி" என்றாள். பாட்டிலைக்கூடக் கழுவி வைத்திருந்தாள்.

"நீங்க ஆடுங்க."

"நீ இல்லாம வழி யாருடி பாக்கறது?"

விளையாட்டாகத்தான் சொன்னாள். அவளுக்கு என்ன தெரியும்?

அடுத்த புத்தகம் எலும்பு முறிவு. நானூறு பக்கம்.

3-2-2007, சனி

அம்மா வரனைப் பற்றிப் பேசுவதில்லை. எதைப் பற்றியும் பேசுவதில்லை. நான் வீட்டுக்கு வந்தால் ஒரு தடவை நிமிர்ந்து பார்க்கிறாள், வேறு யாரோ என்று தெரிந்ததும் குனிந்துகொள்கிறாள்.

12-2-2007, திங்கள்

சரிதா அண்ணி இன்று வேலைக்குச் சேர்ந்தாள். புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில், எங்கள் ஆபீசுக்கு இரண்டு தெரு தள்ளி, பிஸ்கட் பாக்கெட் போடுகிற கம்பெனி. வீராயி அக்கா சொல்லிச் சேர்த்துவிட்டிருக்கிறாள், என்னிடம் கேட்கவில்லை.

ஒரே பஸ். முன்வாசலில் ஏறினாள், எனக்கு இரண்டு சீட் தள்ளி நின்றாள். ராஜா தியேட்டர் நிறுத்தத்தில் என் பக்கத்தில் இருந்த அம்மாள் இறங்கிவிட்டாள். நான் ஜன்னல் ஓரம் நகர்ந்து, பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

அவள் பார்த்தாள். மேட்டுப்பாளையம் வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வந்தாள்.